ஜொகூரிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற மாணவர்



பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறான் என்றால் இன்று தோட்டத்து வீடுகளிலும் மகிழ்ச்சிதான். பெட்டி கட்டுகிறோம், ஊறுகாய் வைத்து அனுப்புகிறோம், போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் முகத்தைப் பார்த்துப் பேசிவிடுகிறோம். ஆனால், கடல் கடந்து போன பிள்ளையைப் பற்றி ஒரு சேதியும் கிடைக்காமல் வீடுகள் காத்திருந்த காலமும் நம் நாட்டில் உண்டு. அந்தக் காலத்தில் ஜொகூரிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற சையது ஓமார் என்ற மாணவரின் வரலாற்றை இன்று நாம் தெரிந்துகொள்வோம்.

1942ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஜொகூர் முழுவதும் ஜப்பானியர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். தாங்கள் பிடித்திருந்த தென்கிழக்காசிய நாடுகளிலிருந்தும் அவற்றின் அண்டை நாடுகளிலிருந்தும் கெட்டிக்கார இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து, ஜப்பானில் படிக்க வைப்பதே அத்திட்டம். 1943, 1944ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 200 பேர் இவ்வாறு சென்றார்கள். மலாயாவிலிருந்து சென்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தாம். அவர்களில் ஒருவர் ஓமார். அப்போது அவர் இருபது வயது நிரம்பாத பிள்ளை.

இது வெறும் கல்விக்கொடை அன்று. இம்மாணவர்கள் திரும்பி வந்து தங்கள் நாடுகளில் ஜப்பானிய ஆட்சிக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே அனுப்பியவர்களின் எண்ணம். எனினும் படிக்கும் ஆசை பிள்ளைகளுக்குச் சொந்தமானதுதானே!

இதே ஆண்டுகளில் அதே ஆட்சி நம் தோட்டங்களிலும் ஆள் எடுத்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை போடுவதற்காகப் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் திரும்பாதவர் எத்தனையோ பேர். ஒரே ஆட்சி, சிலரைக் கப்பலில் பள்ளிக்கூடத்திற்கும் பலரை ரயிலில் காட்டுக்கும் அனுப்பிய காலம் அது.

ஜப்பானில் மாணவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? முதலில் தோக்கியோவில் மொழி படித்தார்கள். மலாய்ப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் சில எழுத்துகளைக் கற்றால் படித்துவிடலாம். அங்கோ நூற்றுக்கணக்கான எழுத்துருவங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாகப் பழகிய பிள்ளைகளுக்குக் கடுங்குளிர் புதிது. போர்க்காலமாதலால் அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது. இங்கே நம் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பசியாற்றிய நாள்களில், அங்கே ஜப்பானியக் குடும்பங்களும் அரைவயிற்றோடுதான் இருந்தன. அந்தப் பசியை மாணவர்களும் பகிர்ந்துகொண்டார்கள்.

பிறகு மாணவர்கள் பல ஊர்களின் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1945இல் ஹிரோஷிமா நகரின் பல்கலைக்கழகத்தில் மலாயா மாணவர் மூவர் இருந்தனர்: ஜொகூர் சையது ஓமார், கிளந்தான் நிக் யூசோப், பினாங்கு அப்துல் ரசாக். ஆற்றங்கரையில் இருந்த ஒரு விடுதி அவர்களுக்கு வீடாயிற்று. அக்கம்பக்கத்து மக்களோடு அவர்கள் நன்கு பழகினார்கள்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அமெரிக்க விமானம் அந்நகரின்மீது அணுகுண்டை வீசியது. விடுதி, குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. பல்கலைக்கழகம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். வகுப்பறையில் இருந்த ரசாக் இடிபாடுகளுக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். நிக் யூசோப் நகருக்கு வெளியே போய்ச் சேர்ந்து அங்கே இறந்தார். ஓமார் உயிர் தப்பினார். எஞ்சிய மாணவர்கள் பல்கலைக்கழகத் திடலில் அண்டை வீட்டாரோடு திறந்த வெளியில் தங்கி, காயப்பட்டவர்களுக்குத் தங்களால் இயன்ற உதவி செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறக்குறைய 1,40,000 பேர் மாண்டனர்.

ஆகஸ்ட் மாத இறுதியில் மாணவர்கள் தோக்கியோ செல்ல ரயில் ஏறினார்கள். போர் அதற்குள் முடிந்துவிட்டது. இனி ஊர் திரும்பலாம் என்ற நிலை. ஆனால் வழியில் ஓமாரின் உடல்நிலை மோசமானது. கியோத்தோ நகரில் இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்.

தப்பியவர் ஏன் மூன்று வாரம் கழித்து நோயுற்றார் என்று நீங்கள் கேட்கலாம். அணுகுண்டு தீயால் மட்டும் கொல்வதில்லை. அதன் கதிர்வீச்சு எலும்புக்குள் இருக்கும் மச்சையைக் கெடுக்கிறது. நம் உடலில் புதிய இரத்தம் ஊறுவது அங்கேதான். பழைய இரத்த அணுக்கள் இருக்கும்வரை மனிதன் நடமாடுகிறான். அவை தீர்ந்ததும் இரத்தம் கசிகிறது, நோயை எதிர்க்கும் வலு போய்விடுகிறது. இந்நோய்க்கு அன்று மருந்தில்லை. ஓமாருக்குச் சிகிச்சை செய்த இளம் ஜப்பானிய மருத்துவர் தம் இரத்தத்தையே எடுத்து அவருக்கு ஏற்றினார். ஆயினும் பலனில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் ஓமார் காலமானார். வயது 19.

இன்று அவருடைய கல்லறை கியோத்தோவில் எங்கோஜி என்ற புத்தர் கோயிலில் இருக்கிறது. முதலில் பொது இடுகாட்டில் இருந்த அவருக்கு, அந்நகர மக்களில் ஒருவர் முன்னின்று 1961இல் அங்கே இஸ்லாமிய முறையில் கல்லறை எழுப்பினார். அக்கோயில் 1601இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கப்பட்டது. படிக்கப் போன பிள்ளைக்குப் பொருத்தமான இடம்தான்.

அப்துல் ரசாக் நாடு திரும்பி ஆசிரியரானார். பின்னாளில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் மலேசிய இளைஞர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பித்தார். தம் அனுபவங்கள் நூலாக வெளிவரவும் துணைநின்றார். 2013இல் அவர் மறைந்தார். நண்பர்களின் பெயர்கள் நமக்குத் தெரிவதற்கு அவர் சொல்லி வைத்ததும் ஒரு காரணம்.

நேயர்களே, இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓமாரை அனுப்பிய ஆட்சி அழிந்தது. அது போட்ட கணக்கும் பொய்த்தது. ஆனால் ஒரு மருத்துவர், ஒரு கோயில், கல் நாட்டிய ஒரு மனிதர், உயிர் தப்பிய ஒரு நண்பர் ஆகியோரால் ஓமாரின் பெயர் நிலைத்தது. சயாம் ரயில் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரி என்ற ஊரில் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பெயரும் பொறித்திருக்கிறது. அதே பாதையில் மாண்ட நம் தோட்டத்து மக்களுக்கோ பெயர் பொறித்த கல் இல்லாதவர்களே அதிகம்.

கல் நாட்ட நம்மால் இயலாமற்போகலாம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் எல்லார் வீட்டிலும் உண்டு. சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், எந்த ஆண்டு, திரும்பினாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் தம் தாய் தந்தையர் சொல்லக் கேட்டது கொஞ்சமாவது நினைவில் இருக்கும். அதைப் பிள்ளைகள் கையால் எழுத வையுங்கள். நாளை அந்தப் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாலும், தன் வீட்டிலிருந்து முதலில் எல்லை கடந்தவர் யார் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.