தொப்புள்கொடி அறுத்த கைகளும் தொகுப்பூதியமும்

ஒவ்வொரு ஆண்டும் மே 12 வந்தால் செவிலியர்களுக்கு வாழ்த்துகள் குவிகின்றன. தேவதைகள், தியாகிகள், இரண்டாம் தாய் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். அதே செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தால், நோயாளிகளைத் தவிக்க விடுகிறார்கள் என்று அதே வாய்கள் ஏசுகின்றன. புகழ்ச்சிக்கும் ஊதியத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி விழுந்தது? ஊதியக் குழு அறிக்கைகளில் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. சாதியின் வரலாற்றிலும் தேட வேண்டும்.

சாதிச் சமூகம் பிரசவத்தைத் தீட்டு என்றது. ரத்தமும் மலமும் சீழும் தீட்டு. ஆனால் குழந்தை பிறக்காமல் எந்தச் சாதியும் பிழைக்க முடியாது. எனவே தீட்டைத் தொடும் வேலையைச் சில சாதிப் பெண்களின் தலையில் கட்டினார்கள். தமிழகத்தில் நாவிதர் சமூகப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊரின் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தினார்கள். வட இந்தியக் கிராமங்கள் பலவற்றில் சமார் உள்ளிட்ட தலித் சாதிப் பெண்கள் 'தாயி' என்ற பெயரில் தொப்புள்கொடி அறுத்தார்கள், தீட்டுத் துணியை அப்புறப்படுத்தினார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்தே குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இவர்கள். அந்த அறிவுக்குக் கிடைத்த விலை கொஞ்சம் தானியமும் பழைய சேலையும்தான். அதைக் கூலி என்றுகூடச் சொல்லவில்லை. அது பிறப்பால் வந்த கடமை என்றார்கள்.

காலனிய அரசு வந்தபோது இந்த வேலைக்குப் பள்ளியும் சான்றிதழும் வந்தன. சென்னையில் 1844இல் மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1854இல் மருத்துவச்சிப் பயிற்சியும், 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியும் வந்தன. 1885இல் டஃப்ரின் சீமாட்டி பெயரில் நிதியம் ஒன்று உருவானது. 1903இல் தாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கவென்றே விக்டோரியா நினைவு நிதியம் தொடங்கப்பட்டது. தாய்மார்களும் சிசுக்களும் செத்ததற்கு அன்றைய அறிக்கைகள் பலவும் தாயியின் அழுக்குக் கையைத்தான் குற்றவாளியாக்கின. சுத்தமின்மை உண்மைதான். ஆனால் பிரசவத்தை வீட்டின் இருண்ட மூலைக்குத் தள்ளி, கந்தல் துணியைக் கொடுத்து, தீட்டென்று விலகி நின்ற சாதி ஒழுங்கு அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது.

1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது, பதிவேடு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெயர்தான் பதிவேட்டில் ஏறும். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட பெண்ணுக்கு அங்கே இடம் ஏது? வேலைக்கு மதிப்பு கூடத் தொடங்கிய நேரத்தில், அதைச் சுமந்து வந்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. இந்தச் சூதை நாம் பல தொழில்களில் பார்த்திருக்கிறோம்.

புதிய தொழிலுக்குள் வந்தவர்கள் யார்? சாதி இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. அந்நியர் உடலைத் தொடுவதும், இரவுப் பணியும், ஆண் நோயாளியைக் கவனிப்பதும் அவர்களுக்கு இழிவாகப்பட்டன. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் இந்தியக் கிறித்தவப் பெண்களும் வந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பங்களின் பெண்களும் அவர்களில் உண்டு. மிஷன் மருத்துவமனைகள் அவர்களுக்குப் பள்ளியாகவும் விடுதியாகவும் இருந்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி 1946இல் பட்டப்படிப்பு தரும் கல்லூரியாக உயர்ந்தது. அதே 1946இல் வெளியான போர் குழு அறிக்கை, நாடு முழுவதும் ஏறத்தாழ 7,000 செவிலியர்களே இருந்ததாகக் கணக்கிட்டது. 43,000 பேருக்கு ஒருவர்! வேலை நிலைமையும் தங்குமிடமும் மோசமாக இருந்ததையும் அக்குழு சுட்டிக்காட்டியது. தீட்டு என்று ஒதுக்கிய வேலைக்கு ஆள் எப்படிக் கிடைக்கும்?

இதே வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது சாவித்ரிபாய் புலே, மகன் யஷ்வந்துடன் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற ஒரு சிறுவனைச் சுமந்து வந்தபோது தொற்றிய நோயால் அவ்வாண்டு மார்ச் 10 அன்று இறந்தார். ஊர் விலக்கிய உடலைத் தொட்டுப் பராமரிப்பது சாதி எதிர்ப்பு அரசியல் என்று அவர் செய்து காட்டினார்.

உத்தரப்பிரதேசத்தில் 1950கள் முதல் 1980கள் வரை நடந்த 'நாரா மவேஷி' போராட்டம் இன்னொன்று. நாரா என்றால் தொப்புள்கொடி, மவேஷி என்றால் கால்நடை. இனிச் செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்றார்கள் சமார் ஆண்கள். இனித் தொப்புள்கொடி அறுக்க மாட்டோம் என்றார்கள் பெண்கள். ஆதிக்கச் சாதியினர் வன்முறையால் பதில் சொன்னார்கள். ஆனாலும் மறுப்பு ஊர் ஊராகப் பரவியது. பிரசவ வேலை இழிவானது என்பதல்ல அந்தப் பெண்களின் வாதம். பிறப்பைக் காட்டி எங்கள் மேல் அதைச் சுமத்த உங்களுக்கு உரிமையில்லை என்பதே அவர்கள் சொன்ன செய்தி. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கியிருந்தார். அதைத் தங்கள் கைகளால் நிரூபித்தவர்கள் அந்தப் பெண்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2015இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காலமுறை ஊதியம் என்று வாக்குறுதி. 7,700 ரூபாய் என்றால் நாளுக்கு 260 ரூபாய்கூட வராது. இரண்டு ஆண்டுகள் முடிந்தும் பெரும்பாலோருக்கு நிரந்தரம் வராததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். வேலைநிறுத்தத்துக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களை நாடு கைதட்டிப் பாராட்டியது. அவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு 2022 டிசம்பர் 31உடன் வேலை முடிந்தது என்று தமிழக அரசு ஆணையிட்டது.

தனியார் மருத்துவமனைகளிலும் இதே கதைதான். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு இணையாக வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதமாகவே இருக்கும் ஊர்கள் ஏராளம்.

செவிலியர்களுக்கு ஊக்கம் குறைகிறது, பயிற்சி கொடுங்கள் என்று நிர்வாகவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். பயிற்சி வேண்டும்தான். ஆனால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் மேற்படிப்புக்குப் பணம் கட்டுவார்? நைட் டூட்டி முடித்த கையோடு ஆள் பற்றாக்குறையால் பகல் டூட்டியும் பார்ப்பவர் எப்போது படிப்பார்? சம்பளத்துடன் படிப்பு விடுப்பு, படித்தால் பதவி உயர்வு, போதுமான ஆட்கள் ஆகிய மூன்றும் இல்லாமல் ஊக்கம் பற்றிப் பேசுவது வெறும் உபதேசம்.

சேவை என்ற சொல்லையும் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். அன்று கடமை என்று சொல்லிக் கூலியை மறுத்தார்கள். இன்று சேவை என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

செவிலியர் இயக்கத்திடமும் ஒரு கேள்வி உண்டு. வார்டில் மலமும் ரத்தமும் அள்ளும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் இன்றும் தலித்துகள். அவர்களில் பலர் அவுட்சோர்சிங் நிறுவனங்களின் ஆட்கள். செவிலியர் தொழில் மேலேறியபோது தீட்டு ஒழியவில்லை, ஒரு படி கீழே இறக்கப்பட்டது. இந்த இருவரும் சேர்ந்து நிற்காதவரை நிர்வாகத்துக்குப் பயமில்லை.

மாணவத் தோழர்களே, உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நிரந்தரச் செவிலியர் எத்தனை, ஒப்பந்தச் செவிலியர் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தூய்மைப் பணி எந்த ஒப்பந்தத்தில், என்ன கூலிக்கு நடக்கிறது என்றும் கேளுங்கள். ஊரில் வயதான மருத்துவச்சி இருந்தால் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். அவருடைய அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அடுத்த முறை செவிலியர்கள் தெருவுக்கு வரும்போது, பூங்கொத்து வேண்டாம், பக்கத்தில் போய் உட்காருவோம்.