எரு போட்ட காடும் ஒரு வருஷக் குத்தகையும்

அதியமான்கோட்டை பக்கம் மானாவாரிக் காட்டுல மழை பெய்யுறப்ப கவனிச்சா ஒண்ணு தெரியும். ஒரு காட்டுல தண்ணி உள்ள இறங்கும். பக்கத்துக் காட்டுல மேல்மண்ணையும் அள்ளிட்டு ஓடும். பல வருஷமா எரு விழுந்ததா இல்லையாங்கறதும் அதுக்கு ஒரு காரணம்.

இதைப் புரிஞ்சுக்க ரொம்ப காலம் ஒரே நிலத்தைப் பார்க்கணும். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-ல் அப்படி ஒரு சோதனை தொடங்கியது. அங்கே வருஷா வருஷம் தொழு உரம் போட்ட பாத்தியில், எதுவும் போடாத பாத்தியை விட இரண்டு மடங்குக்கு மேல் கரிமம் இருக்கு. நம்ம கோயம்புத்தூரில் 1909-ல் நிரந்தர எருச் சோதனை தொடங்கியது. 1972-ல் அங்கேயே கேழ்வரகு, மக்காச்சோளம் வெச்சு இன்னொண்ணு. அதுல ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்தியை விட, தொழு உரமும் சேர்த்த பாத்தியில் கரிமம் அதிகம்.

எப்படி? எருவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பசை மாதிரி ஒண்ணை விடும். அது மண் துகள்களை ஒட்டி, சின்னச் சின்னக் கட்டிகளாக்கும். கட்டிகளுக்கு நடுவுல தண்ணியும் காத்தும் போகும். உள்ளே கரிமம் பத்திரமா இருக்கும்.

ஆனா நம்ம வெயிலுக்குக் கரிமம் சீக்கிரம் சிதைஞ்சு காத்துல கலந்துடும். எரு போட்டுக்கிட்டே இருக்கணும். யூரியாவுக்குச் சில நாள்ல பயிர் பச்சை கட்டும். மண்ணு மாற பல வருஷம் ஆகும். ஒரு வருஷக் குத்தகைக்குக் காடு பிடிச்சவர், அடுத்தவருக்குப் போகப்போற மண்ணுக்கு எதுக்கு வண்டி வண்டியா எரு அடிப்பார்?