சுழற்சி எப்போது காக்கும்? காந்தப்புலத்தில் அடைபட்ட பிளாஸ்மாவின் நிலைப்பு குறித்து

டோக்கமாக் எனும் வளைய வடிவக் கருவியில் காந்தப்புலம் அடைத்து வைத்திருக்கும் பிளாஸ்மா சுழன்றால் நிலைபெறும் என்பது அணுக்கரு இணைவு ஆய்வில் பரவலாக எடுத்தாளப்படும் கருத்து. அதற்குச் சான்றுகள் உண்டு; எனினும் அது பாதி உண்மையே. பிளாஸ்மா எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது மட்டும் அதன் நிலைப்பை முடிவு செய்வதில்லை. அடுத்தடுத்த அடுக்குகளின் வேகம் எவ்வாறு வேறுபடுகிறது, காந்தப்புலம் எவ்வளவு வலியது, துகள்களின் எந்த அசைவோடு அந்தச் சுழற்சி ஒத்திசைகிறது ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

சுழற்சி தன்னளவில் காவலன் அல்ல என்பதற்கு வலுவான சான்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் ஆய்வில் கிடைக்கிறது. இரு உருளைகளுக்கிடையே சுழலும் மின்கடத்தும் பாய்மத்தை அவர் 1960இல் ஆராய்ந்தார். இயற்பியலாளர் வெலிகோவ் 1959இலேயே அதே முடிவை எட்டியிருந்தார். காந்தப்புலம் இல்லாதபோது, கோண உந்தம் வெளிநோக்கிக் கூடும் ஓட்டம் நிலையானது. அதில் மெலிந்த காந்தப்புலம் சேர்ந்துவிட்டால், கோணவேகம் வெளிநோக்கிக் குறைவதே நிலைகுலையப் போதுமானது. புலக்கோடு இரு பாய்மத் துணுக்குகளைச் சுருள்வில்போல் பிணைக்கிறது. உட்துணுக்கு கோண உந்தத்தை இழந்து மேலும் உள்ளே சரிய, அதைப் பெற்ற வெளித்துணுக்கு மேலும் விலகுகிறது. 1991இல் பால்பஸும் ஹாலியும் இதை விண்மீன்களைச் சுற்றும் வாயுத் தட்டுகளுக்குப் பொருத்திக் காட்டினர். டோக்கமாக்கின் வலிய புலத்துக்கு இது பொருந்தாது என்று மறுக்கலாம். மறுப்பு சரியே; புலத்தின் இழுவிசை மிகுந்தால் இந்த நிலையின்மை அடங்கிவிடும். ஆனால் அந்த மறுப்பே, சுழற்சியின் விளைவைப் புலத்தின் வலிமையிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

வலிய புலத்தில் சுழற்சி காப்பதற்கு இந்தியச் சான்று உண்டு. காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா, 75 செ.மீ. பெரிய ஆரமும் 25 செ.மீ. சிறிய ஆரமும் கொண்ட டோக்கமாக். 2014இல் வெளியான அதன் ஆய்வொன்றில், ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி வேண்டுமென்றே பிளாஸ்மா முறிவு தூண்டப்பட்டது. புலக்கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதால் உருவாகும் காந்தத் தீவுகள் விரைந்து வளர்ந்து, சுழற்சி நின்று, ஓரிடத்தில் பூட்டிக்கொண்டன. பிளாஸ்மாவின் விளிம்புக்குள் வைத்த மின்முனைக்கு முன்கூட்டியே மின்னழுத்தம் தந்தபோது ஆரத்திசை மின்புலம் எழுந்து சுழற்சியை மாற்றியது. தீவுகள் அடங்கின, முறிவு தவிர்ந்தது. எரியும் அணுஉலைப் பிளாஸ்மாவில் மின்முனை தாங்காது என்பது உண்மைதான். ஆனால் அது கருவியின் குறை. சோதனை நிறுவிய காரண உறவை அது பாதிக்காது.

அப்படியானால் சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்ற கேள்வி எழும். மின்தடையுள்ள சுவரை ஒட்டி மெல்ல வளரும் நிலையின்மையை அடக்க, கணிசமான சுழற்சி வேண்டும் என்றே அமெரிக்காவின் டிஐஐஐ-டி கருவியின் தொடக்கச் சோதனைகள் காட்டின. ஆனால் எதிரெதிர்த் திசைகளில் துகள்கற்றைகளைச் செலுத்திச் சுழற்சியைக் குறைத்த பிந்தைய சோதனைகளில், மிகக் குறைந்த வேகத்திலும் பிளாஸ்மா நிலைத்தது. என்எஸ்டிஎக்ஸ் எனும் மற்றொரு கருவியின் ஆய்வு 2010இல் இன்னும் வியப்பான விடை தந்தது: இடைப்பட்ட வேகத்தில்தான் நிலை குலைகிறது. மெதுவான சுழற்சி, அடைபட்ட அயனிகளின் நகர்வோடும், வேகமான சுழற்சி அவற்றின் ஊசலோடும் ஒத்திசைந்து நிலையின்மையின் ஆற்றலை உறிஞ்சுகின்றன. இடையில் இரண்டு துணையும் கிடைப்பதில்லை.

இந்தியா 2005 முதல் பங்கேற்கும் பன்னாட்டு டோக்கமாக் திட்டமான ஐடிஇஆரின் பெரிய ஆரம் 6.2 மீட்டர்; அத்தனை பெரிய பிளாஸ்மாவைத் துகள்கற்றைகளால் வேகமாகச் சுழற்றுவது கடினம். மேலே கண்ட சான்றுகளின்படி, இது தன்னளவில் தோல்விக்கான அறிகுறி அல்ல. எனவே, வடிவமைப்பு விவாதம் மையப்பகுதியின் ஒற்றை வேக எண்ணை விட்டுவிட்டு, மையம் முதல் விளிம்புவரை வேகம் மாறும் விதத்தையும் அயனிகளின் இயல்பு அதிர்வெண்களையும் ஒருசேர எடைபோட வேண்டும்.