தகர டிக்கெட்டும் கடவுச்சொல்லும்: மன்னார்க் கரை காட்டும் அணுகல் கட்டுப்பாடு

ஒருவர் கணினி அமைப்பொன்றினுள் நுழையும்போது அவ்வமைப்பு மூன்று வேலைகளைச் செய்கிறது. வருபவர் தம்மை யாரென்று கூறுகிறார் என்பதைக் கேட்பது அடையாளங் கூறல். அக்கூற்று உண்மைதானா என்று சோதிப்பது மெய்ப்பித்தல். மெய்ப்பிக்கப்பட்ட அந்த ஆள் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று வரையறுப்பது அனுமதித்தல். இம்மூன்றும் ஒன்றல்ல என்பது கணினிப் பாதுகாப்பின் அரிச்சுவடியாயினும், நடைமுறையில் அவை ஒன்றோடொன்று குழப்பப்படுவதும், அக்குழப்பத்தின் விலையை எப்போதும் எளிய மனிதரே செலுத்த நேர்வதும் இலங்கையின் மன்னார்க் கரையின் ஒரு நூற்றாண்டு வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த முறையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட்டு புகுத்தப்பட்டது. தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த அந்தச் சிறு தகட்டை அணிந்திருந்தவர் அரசின் முன்செலவில் தோட்டம் வரை அனுப்பப்பட்டார். செலவு பின்னர் தோட்டத்திடமிருந்து அறவிடப்பட்டது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் ரயிலும் இணைந்து ஓடத் தொடங்கியபின், தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமைக் கடந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்த் தீவில் கரையேறினர். அத்தகட்டில் இருந்தது தோட்டத்தின் அடையாளமே தவிர ஆளின் அடையாளம் அன்று. இன்றைய கணினி மொழியில் அது கையில் வைத்திருப்பவருக்கே செல்லுபடியாகும் அனுமதிச் சின்னம். யார் கையில் இருந்தாலும் ஒரே பயன் தருவது. தொலைந்தால் உரியவரிடம் எஞ்சும் சான்று எதுவுமில்லை.

அதனினும் கொடியது ‘துண்டு’ எனப்பட்ட தாள். கடனைச் செலுத்தினால் இன்ன தொழிலாளரை விடுவிக்கத் தோட்டம் உடன்படும் என்று எழுதிய அத்தாள் பெரும்பாலும், தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடமே இருந்தது. தொழிலாளர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் உரிமை, அவர் கையில் இல்லாத ஒரு காகிதத்தில் அடங்கியிருந்தது. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அனுமதிக்குரிய சான்றை உரியவரிடமிருந்து பிரித்து இடையாளிடம் ஒப்படைத்தால், அதிகாரமும் இடையாளிடமே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

1968-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய அடையாள அட்டை, ஆளையே பதிந்த வகையில் பெரியதொரு முன்னேற்றம். ஆயினும் அதன் இலக்கம் இரகசியமாக இருக்கும்படி ஆக்கப்பட்டதன்று. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அந்நாளோடு 500 கூட்டப்படும். 1985 பெப்ரவரி முதலாந் தேதி பிறந்த பெண்ணின் எண் 1985532 என்று தொடங்கும் என்பதை அவருடைய அயலவர் எவரும் கணித்துவிடலாம். எஞ்சும் ஐந்து இலக்கங்களும் வங்கிப் படிவத்திலும் சிம் அட்டை வாங்கிய கடையிலும் சோதனைச் சாவடிப் பதிவேடுகளிலும் பலமுறை எழுதப்பட்டுவிட்டவை. எனவே இவ்வெண் ஆளைச் சுட்டப் போதுமானது, மெய்ப்பிக்கப் போதாது. இவ்வெண்ணையும் பிறந்த தேதியையும் மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கைத் திறக்கும் எந்தச் சேவையும் உண்மையில் எதையும் சோதிக்கவில்லை.

அப்படியானால் மெய்ப்பிப்பது எது? ஒருவர் அறிந்தது, வைத்திருப்பது, அவர் உடலாகவே இருப்பது என மூவகைச் சான்றுகளை நூல்கள் கூறும். அறிந்தது கடவுச்சொல். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினியில் அது வழக்குக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை ஒரு மாணவர் அச்சிட்டு எடுத்துவிட்டார். வைத்திருப்பது கைபேசி. அதற்கு வரும் ஒருமுறைக் குறியெண் அந்தச் சிம் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பேசாலையிலோ விடத்தல்தீவிலோ ஒரு குடும்பத்துக்கு ஒரே கைபேசி இருந்து, அதுவும் கடலுக்குப் போனவரின் சட்டைப்பையில் இருக்குமாயின், கரையில் இருப்பவர் தம் கணக்கை எப்படித் திறப்பார்? அவர் இணைய விண்ணப்பம் நிரப்பித் தரும் ‘கொம்யூனிகேசன்’ கடைக்குச் செல்கிறார். கடைக்காரரின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவருடைய கணக்கில் பதிவாகின்றன. கடவுச்சொல்லும் கடையிலேயே தங்கிவிடுகிறது. கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் துண்டு மீண்டும் இடையாளின் கைக்கு வந்துவிட்டது.

உடற்சான்று இச்சிக்கலைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை அளவு கடந்தது. வலைக்கயிறும் உப்பு நீரும் தேய்த்த விரல்களில் ரேகை தெளிவாகப் பதிவதில்லை. இந்தியாவின் ஆதார் திட்டத்தில் ரேகை பொருந்தாமல் உழைப்பாளிகள் நியாயவிலைக் கடைகளில் பட்ட இடர் பலமுறை பேசப்பட்டுள்ளது. மேலும் கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், விரலை மாற்ற இயலாது.

இவற்றிற்கெல்லாம் மேலாகக் கருதத்தக்கது மீட்பு, அதாவது எல்லாச் சான்றும் இழந்தவர் தாம் தாமே என்று நிறுவும் வழி. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், உள்நாட்டுப் போரின் இறுதி ஆண்டுகளில் மாந்தை மேற்கு முதலிய பகுதிகளிலிருந்து பெயர்ந்தோரும் அறிந்த துயரம் இது. அந்நிலையில் ஒருவரை மெய்ப்பிப்பவை பிறப்புப் பதிவேடும் கிராம அலுவலரின் உறுதியுமே. அதாவது, அவரை அறிந்த மனிதர்களின் சாட்சியே. கணினி அமைப்புகள் இப்பாதையைப் பெரும்பாலும் ‘தாயின் பெயர் என்ன’ போன்ற கேள்விகளாகச் சுருக்கிவிடுகின்றன. ஊர் முழுவதும் அறிந்த பெயரைக் கேட்டுத் திறக்கும் கதவுக்கு, எவ்வளவு கடினமான கடவுச்சொல் இட்டும் பயனில்லை.

கடவுச்சொல்லைப் பகிராதீர் என்ற அறிவுரை மட்டும் இங்கு போதாது, ஏனெனில் பகிர்வு அறியாமையால் அன்றித் தேவையால் நிகழ்கிறது. 1975-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் வகுத்த குறைந்தபட்ச உரிமைக் கோட்பாடு, ஒரு வேலைக்குத் தேவையான உரிமைக்கு மேல் எவருக்கும் எதுவும் தரலாகாது என்கிறது. அதன்படி, உதவுபவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே, ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும், குறித்த நாள்வரை மட்டும் செயற்பட உரியவர் அனுமதி வழங்கவும், செய்தவர் பெயரோடு ஒவ்வொரு செயலும் பதியப்படவும், உரியவர் பிரதேச செயலகத்துக்கு நேரில் சென்று அவ்வனுமதியை நீக்கவும் வழி இருத்தல் வேண்டும். 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற அணுகலைத் தண்டிக்கிறது; ஆனால் அனுமதி எது என்பதை அமைப்பே பதிந்து வைக்காதபோது, கடையில் கடவுச்சொல்லை விட்டுவந்தவர் எதைக் காட்டி முறையிடுவார்? இலங்கையின் புதிய எண்ணிம அடையாளத் திட்டத்தை வரைவோர், உதவுபவருக்கு வரையறுத்த அனுமதி வழங்கும் இப்பொறுப்பளிப்பு முறையைத் திட்டத்தின் முதற்கட்டத்திலேயே சேர்த்தாக வேண்டும்.