கொல்லையில் பாம்பு: 150 வருஷக் கணக்கு

கொல்லைப்புறத்தில் பாம்பு வந்தால் இன்னிக்கு நம்ம ஊரில் இரண்டு பதில்தான் இருக்கு. ஒன்று, தடி. இன்னொன்று, தீயணைப்புத் துறைக்கு 101. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு: "இருளரைக் கூப்பிடு". அந்த மூன்றாவது பதிலின் பின்னால் இருக்கும் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். கொல்லையிலிருந்து பாம்பை ஒழிக்க அரசாங்கங்கள் எடுத்த முயற்சிகளையும், அந்த வேலையை நிஜமாகவே செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் குறிப்புகள் இவை.

முதலில் கல்கத்தா. ஜோசப் ஃபேரர் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1869ஆம் ஆண்டில் பாம்புக்கடியால் எத்தனை பேர் செத்தார்கள் என்று மாகாண அரசுகளிடம் கணக்கு கேட்டு வாங்கினார். வந்த எண் 11,416. இது இந்தியா முழுமைக்கும் ஆன கணக்கு இல்லை, ஒரு பகுதிக்கு மட்டும்தான். 1872ல் இந்திய நச்சுப்பாம்புகளைப் பற்றி வண்ணப்படங்களோடு பெரிய புத்தகம் ஒன்றும் போட்டார். பாம்புக்குத் தலைவிலை வைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன தீர்வுகளில் ஒன்று. செத்த பாம்பைக் கொண்டு வா, காசு வாங்கிக்கொண்டு போ.

அரசும் அதைச் செய்தது. செத்த மனிதர்கள் இத்தனை, கொன்ற பாம்புகள் இத்தனை, கொடுத்த சன்மானம் இத்தனை என்று வருஷா வருஷம் அட்டவணை போட்டார்கள். 1880களில் ஒரே வருஷத்தில் லட்சக்கணக்கான பாம்புகள் அந்த அட்டவணையில் ஏறின. ஆனா மனித இறப்பு மட்டும் இருபதாயிரத்தை ஒட்டியே நின்றது.

என் தொழிலில் இது பழகிய வியாதி. எதை எண்ண சுலபமோ அதை எண்ணிவிட்டு, எதைக் குறைக்க வேண்டுமோ அதை மறந்துவிடுவோம். மூடிய டிக்கெட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், வாடிக்கையாளர் புகார் அப்படியே நிற்கும். பாம்பிலும் அதே கதைதான். கொல்லைக்குப் பாம்பு வருவது எலிக்காக. எலி இருக்கும்வரை, ஒன்றை அடித்தால் காலியான வளைக்கு இன்னொன்று வரும். போதாததற்குச் செத்த பாம்பைக் கையில் வாங்குகிறவருக்கு, கட்டுவிரியனுக்கும் அதே மாதிரி பட்டை போட்ட விஷமில்லாத பாம்புக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

டெல்லியில் சன்மானத்துக்காக மக்கள் நாகப்பாம்பு வளர்த்த கதையை நீங்க கேட்டிருப்பீங்க. ஆனா ஆவணத்தோடு பேச வேண்டுமென்றால் ஹனோய்க்குத்தான் போகணும். 1902ல் பிளேக் பயத்தில் பிரெஞ்சு நிர்வாகம் எலி வாலுக்கு விலை வைத்தது. வால்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கொஞ்ச நாளில் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓடுவதைப் பார்த்தார்கள். வாலை மட்டும் வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். நகர எல்லையில் எலிப் பண்ணையே நடந்தது. தலைவிலைத் திட்டம் கைவிடப்பட்டது.

சரி, இருளர்களுக்கு வருவோம். சென்னையைச் சுற்றியுள்ள பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதி இருளர்களுக்குப் பாம்பும் எலியும் பரம்பரைத் தொழில். வரப்பில் எலி வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பார்கள், எலி சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். அதே வளையில்தான் பாம்பும் இருக்கும். கையில் ஒரு கடப்பாரை, அவ்வளவுதான். மண்ணில் இருக்கும் தடம், உரித்த சட்டை, எச்சம், வளை வாயின் வழவழப்பு, இதையெல்லாம் வைத்து உள்ளே என்ன பாம்பு, இப்போ இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தத் திறமைக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த சந்தை பாம்புத்தோல். வெளிநாட்டுக் கைப்பைக்கும் செருப்புக்கும் தோல் போனது. இடைத்தரகர் கொழுத்தார், பிடித்தவருக்குச் சொற்பக் கூலி. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடையானது. பாம்புக்கு அது நல்ல செய்தி. இருளருக்கு? நேற்றுவரை பிழைப்பு, இன்றிலிருந்து குற்றம்.

இங்கேதான் ராமுலஸ் விட்டேகர் வருகிறார். கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர், பாம்பு பிடிப்பதில் இருளர்களோடு சேர்ந்து சுற்றியவர். 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. யோசனை எளிமையானது: பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் விற்பது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு வகையை மட்டும் பிடிப்பார்கள். மண்பானையில் துணி கட்டி மூன்று வாரம்போல வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்து, அடையாளத்துக்கு அடிவயிற்றுச் செதிலைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். உலர்த்திய விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே அதைச் சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, குதிரை ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது.

இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போவது. பீகாரில் வயலில் கடிபட்டவருக்கு ஏறும் ஊசியிலும் ஒரு இருளர் கைவேலை இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும். பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வு, சந்தையில் இருக்கும் மருந்துகள் வேறு பகுதிப் பாம்புகளின் விஷத்துக்கு எதிராகப் பல இடங்களில் பலவீனமாக இருப்பதைக் காட்டியது. அதாவது இப்படி ஒரு சங்கம் ஒன்று போதாது, ராஜஸ்தானிலும் வங்காளத்திலும் வேண்டும். 2020ல் வெளியான இன்னொரு ஆய்வின் மதிப்பீடு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். சராசரியாக வருஷத்துக்கு 58,000. ஃபேரரின் அட்டவணை இன்னும் மூடவில்லை.

தலைவிலைக்கும் திறமைக்கும் உள்ள தூரத்தை அமெரிக்காவில் தெளிவாகப் பார்க்கலாம். ஃப்ளோரிடாவில் செல்லப் பிராணி வியாபாரத்தில் வந்த பர்மிய மலைப்பாம்புகள் காட்டுக்குள் போய்ப் பெருகிவிட்டன. 2013ல் பரிசு அறிவித்து வேட்டைப் போட்டி வைத்தார்கள். சுமார் 1,600 பேர் ஒரு மாதம் அலைந்து 68 பாம்பு பிடித்தார்கள். 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். முன்பின் தெரியாத காடு, தெரியாத பாம்பு. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள், அதில் ஒன்று 16 அடி. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருதுச் செய்தியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. 'ஜெய் பீம்' படத்தில், வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடிக்க ராசாக்கண்ணுவைக் கூப்பிடுவார்கள். பிறகு அதே வீட்டில் நகை காணாமல் போனதும் பழி அவர்மேல் விழும். படத்துக்கு அடிப்படையான நிஜ வழக்கில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆனா படத்தில் வரும் அந்த உறவு கற்பனை இல்லை. பாம்பு இருக்கும்வரை அவர் உள்ளே வரலாம், பாம்பு போனதும் அவரும் வாசலுக்கு வெளியே போகணும்.

இன்னிக்கு நிலைமை வேறு மாதிரி மாறிக்கொண்டிருக்கு. அனுமதியில்லாமல் பாம்பு பிடிப்பது சட்டப்படி தப்பு, அது சரிதான். புறநகரில் வயல் மனையாகிவிட்டது, வரப்பு போனதும் கடப்பாரைக்கு வேலை குறைகிறது. பிடித்த பாம்பைத் தூரத்துக் காட்டில் விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வில், இடம் மாற்றிவிட்ட கிலுகிலுப்பைப் பாம்புகள் அதிக தூரம் அலைந்தன, அதிகமாகச் செத்தன. தெரியாத இடத்தில் வளை எங்கே, இரை எங்கே என்று அதுக்கும் தெரியாது.

நடைமுறைக்கு மிஞ்சுவது சின்ன விஷயங்கள்தான். கொல்லையில் கிடக்கும் செங்கல், விறகுக் குவியலை அகற்றுங்க. எலிக்குத் தீனி கிடைக்காமல் பாருங்க. கதவடி இடைவெளியை அடையுங்க. ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீங்க. பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டு போன் பண்ணுங்க. கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

அங்கே ஏறப்போகும் மருந்துக்கு விஷம் வேண்டும். அதை எடுக்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போனால், தடம் பார்த்து வளையைச் சொல்லும் அறிவு ஒரே தலைமுறையில் போய்விடும். சங்கத்துக்கு நேரத்துக்கு அனுமதி, விஷத்துக்கு நியாயமான விலை, மற்ற மாநிலங்களில் பயிற்சி கொடுக்கும் வேலை. இவ்வளவும் அரசால் செய்யக்கூடியதுதான். 1870களில் செத்த பாம்புக்கே காசு கொடுத்த அரசு இது.