தலைகீழ்க் கையேடு: நகைச்சுவை வழிகாட்டி எழுத்தின் வரலாறு

ஒரு செயலைச் செய்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்லித்தரும் கையேட்டின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, செய்யத்தகாத ஒன்றைக் கற்றுக்கொடுப்பதுபோல் எழுதப்படும் அங்கத எழுத்தே நகைச்சுவை வழிகாட்டி ஆகும். தமிழ் அணியிலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்று கூறுவதற்கு இது நெருங்கிய உறவுடையது. அங்கே புகழ்வதுபோல் பழிப்பர். இங்கே கற்பிப்பதுபோல் பழிப்பர். நேரடியாகக் குற்றம்சாட்ட வலிமையோ வாய்ப்போ இல்லாதவர்கள் இவ்வடிவத்தைப் பலமுறை கையில் எடுத்துள்ளனர். அதனால் இதன் வரலாறு சிரிப்பின் வரலாறு மட்டுமன்று.

ரோமானியத் தொடக்கம்

பண்டைய ரோமில் செய்யுளிலேயே பாடம் எழுதும் மரபு இருந்தது. வர்ஜில் உழவு, கால்நடை, தேனீ வளர்ப்பு ஆகியவற்றைப் பற்றி 'ஜார்ஜிக்ஸ்' என்னும் நூலை 4 பாகங்களாக இயற்றினார். அதே ஆசிரியத் தோரணையில் ஓவிட், காதலரைத் தேடுவதையும் தக்கவைத்துக்கொள்வதையும் ஒரு தொழிற்கலை போலக் கற்பித்தார். 3 பாகங்கள் கொண்ட அந்நூல் 'ஆர்ஸ் அமட்டோரியா' எனப்படுகிறது. தேர்ப்பந்தய அரங்கில் எங்கே, எப்படி அமர வேண்டும் என்பதுவரை அதில் அறிவுரை உண்டு.

ஆனால் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18-இலேயே திருமண ஒழுக்கத்தைக் காக்கச் சட்டங்கள் கொண்டுவந்திருந்தார். கி.பி. 8-இல் ஓவிட் கருங்கடற்கரையிலுள்ள தோமிஸ் நகருக்கு (இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்சா) அனுப்பப்பட்டார். தம் வீழ்ச்சிக்கு ஒரு கவிதையும் ஒரு பிழையும் காரணம் என்று அவரே பின்னர் எழுதினார். அந்தப் பிழை எது என்பதை அவர் வெளிப்படுத்தவில்லை. கவிதை இந்தக் காதற் கையேடுதான். அவர் ரோமுக்குத் திரும்பவே இல்லை.

நன்னடத்தை நூல்களும் குரோபியானஸும்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சு நூல்கள் பெருகியபோது நன்னடத்தைக் கையேடுகளும் பெருகின. எராஸ்மஸ் 1530-இல் சிறுவர்களுக்காக எழுதிய நடத்தை நூல் பெரும்புகழ் பெற்றது. பந்தியில் எப்படி உண்பது, மூக்கை எப்படித் துடைப்பது என்பனவெல்லாம் அதில் சொல்லப்பட்டன. ஜெர்மானியரான ஃபிரெடரிக் டெடகிண்ட் 1549-இல் இலத்தீன் செய்யுளில் வெளியிட்ட 'குரோபியானஸ்' இந்தப் பாடங்களை அப்படியே கவிழ்த்துப்போட்டது. விருந்தினர் முகம் சுளிக்க எப்படி உண்பது, அவையில் எப்படி அருவருப்பாக நடப்பது என்று அது முகத்தில் சிரிப்பின்றிக் கற்பித்தது. 1551-இல் காஸ்பர் ஷைட் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1609-இல் தாமஸ் டெக்கர் அதன் சாயலில் லண்டன் நகர வீண் ஆடம்பரக்காரர்களுக்கு ஒரு கையேடு எழுதினார். இக்கட்டத்தில் இவ்வகை எழுத்தின் நோக்கம் பெரும்பாலும் ஒழுக்கம் கற்பிப்பதாகவே இருந்தது.

ஸ்விஃப்ட்: எசமானரின் சிரிப்பு

ஜொனாதன் ஸ்விஃப்ட் பல ஆண்டுகள் எழுதியும் முடிக்காமல் விட்ட 'பணியாளர்களுக்கான அறிவுரைகள்' அவர் மறைந்த 1745-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. சமையற்காரர், வண்டியோட்டி, குதிரைக்காரர், செவிலி என ஒவ்வொரு வேலைக்கும் அதில் தனித்தனிப் பகுதி உண்டு. கூப்பிட்டவுடன் போகாமலிருப்பது, உடைத்த பொருளுக்குப் பூனைமேல் பழிபோடுவது, தவறு செய்துவிட்டுத் தானே பாதிக்கப்பட்டவர்போல் நடந்துகொள்வது முதலியவை அங்கே தொழில் நுணுக்கங்களாக விளக்கப்படுகின்றன. வீட்டு வேலையின் நுட்பங்களை இவ்வளவு கூர்ந்து கவனித்த எழுத்து அக்காலத்தில் அரிது. ஆயினும் அது மேலிருந்து கீழே பார்த்த பார்வை. சிரிப்பவர் சம்பளம் கொடுப்பவர்; சிரிப்புக்கு இலக்கானவர் அவருடைய வீட்டில் வேலை செய்து பிழைப்பவர்.

ஜேன் காலியர்: ஆட்டுக்குட்டியின் எழுத்து

இந்தப் பார்வையைத் திருப்பிவிட்டவர் ஜேன் காலியர். சொத்தில்லாத, திருமணமாகாத பெண்ணான அவர் 1753-இல் 'சாமர்த்தியமாகத் துன்புறுத்தும் கலை பற்றிய கட்டுரை' என்ற நூலைத் தம் பெயரின்றி வெளியிட்டார். ஸ்விஃப்டின் நூலை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். ஆனால் காலியரின் மாணவர்கள் எசமானர்களும் எசமானிகளும். அவர்களோடு பெற்றோரும் கணவரும் மனைவியரும் நண்பர்களும் உண்டு. தம் கையில் சிக்கியவரை அடிக்காமல், திட்டாமல், அன்பு காட்டுவதுபோலவே எப்படி வதைப்பது என்பதுதான் பாடம்.

நூலின் மிகக் கூர்மையான பகுதிகளுள் ஒன்று, செல்வர் வீடுகளில் அண்டி வாழ்ந்த ஏழைத் துணைப்பெண்களைப் பற்றியது. அவர்கள் வேலைக்காரிகளும் அல்லர், குடும்பத்தாரும் அல்லர்; எதிர்த்துப் பேசினால் இருக்க இடமில்லை. நூலின் முடிவில் ஒரு நீதிக்கதை வருகிறது. கொடிய நகங்களில் சிக்கிக் கிழிபடும் துன்பத்தை விவரிக்கும் பழைய கவிதை ஒன்றை எழுதியவர் யார் என்று விலங்குகள் வாதிடுகின்றன. சிங்கமும் சிறுத்தையும் தம் இனத்துக்கே அப்பெருமை என்கின்றன. அதை எழுதியது ஆட்டுக்குட்டியாகவே இருக்க முடியும் என்று தீர்ப்பாகிறது. கிழிக்கிறவருக்கு அந்த வலி தெரியாது என்பதே காரணம். நூலாசிரியர் எந்தப் பக்கத்தில் நின்று எழுதினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. காலியர் 1755-இல் மறைந்தார்.

பிராங்கிளின்: பேரரசைச் சுருக்கும் விதிகள்

1773 செப்டம்பர் 11 அன்று லண்டனின் 'பப்ளிக் அட்வர்டைசர்' நாளிதழில், ஒரு பெரிய பேரரசைச் சிறியதாக்குவதற்கான 20 விதிகள் வெளியாயின. எழுதியவர் பெஞ்சமின் பிராங்கிளின். அப்போது அவர் அமெரிக்கக் குடியேற்றங்களின் சார்பாளராக லண்டனில் இருந்தார். கேக்கைப்போலப் பேரரசையும் ஓரத்திலிருந்துதான் குறைக்க வேண்டும் என்று தொடங்கி, ஒவ்வொரு விதியாக அடுக்கினார். தொலைவிலுள்ள மாகாணங்களுக்குச் சம உரிமை தராதிருத்தல், பேராசைக்காரர்களை ஆளுநர்களாக அனுப்புதல், மக்களைக் கேட்காமல் வரி போடுதல், அவர்களின் முறையீடுகளை அவமதித்தல், அமைதியான ஊர்களில் படைகளைத் தங்கவைத்தல் ஆகியவை அவ்விதிகளுள் சில. இவற்றுள் எதுவும் கற்பனையன்று. பிரிட்டிஷ் அமைச்சரவை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவற்றையே அவர் அறிவுரையாக மாற்றி எழுதினார்.

அமைச்சரவை திருந்தவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. 1774 சனவரி 29 அன்று, மாசசூசெட்ஸ் ஆளுநரின் கடிதங்கள் வெளியான விவகாரத்தில், அரசவைக் குழுவின் முன்னே பிராங்கிளின் நின்றார். அலெக்சாண்டர் வெடர்பர்ன் அவரை நெடுநேரம் இழித்துப் பேசினார். பிராங்கிளின் பதில் ஏதும் பேசவில்லை. பின்னர் அவருடைய அஞ்சல்துறைப் பதவியும் பறிக்கப்பட்டது. 1776-இன் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் உள்ள குற்றச்சாட்டுகள் பலவற்றை 1773-இன் விதிகளோடு ஒப்பிட்டால், அன்று நகைச்சுவையாகச் சொன்னதே மூன்று ஆண்டுகளில் குற்றப்பத்திரிகையாக மாறியது புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டும் பின்னும்

1954-இல் டேரல் ஹஃப் எழுதிய 'புள்ளிவிவரங்களைக் கொண்டு பொய் சொல்வது எப்படி' என்ற நூல் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவற்றுள் ஒன்று. வரைபடத்தின் அடிப்பகுதியை வெட்டிச் சிறு உயர்வைப் பெரிதாகக் காட்டுதல், சராசரியின் பல வகைகளுள் தமக்கு ஏற்றதை மட்டும் தேர்ந்தெடுத்தல் போன்ற தந்திரங்களை அது கற்பித்தது. ஏமாறாமலிருக்க வாசகரைப் பழக்குவதே அதன் நோக்கம். ஆனால் 1965-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஹஃப் சாட்சியளித்தபோது, புகைபிடித்தலின் தீமையைக் காட்டிய புள்ளிவிவரங்கள்மீதே ஐயம் எழுப்பினார். புகையிலைத் தொழிலின் பண உதவியுடன் அதே தலைப்புப் பாணியில் இன்னொரு நூலையும் எழுதினார், அது வெளிவரவில்லை. பொய்யைக் காட்டிக்கொடுக்கும் கருவியை உண்மையைக் குலைக்கவும் பயன்படுத்தலாம் என்பதற்கு இது சான்று.

கென்ய எழுத்தாளர் பின்யவாங்க வைனைனா 2005-இல் 'கிராண்டா' இதழில் 'ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி' என்ற கட்டுரையை வெளியிட்டார். அவ்விதழ் முன்னர் வெளியிட்ட ஆப்பிரிக்கச் சிறப்பிதழின்மேல் எழுந்த கோபத்தில் ஆசிரியருக்கு அனுப்பிய நீண்ட மின்னஞ்சலே அக்கட்டுரைக்கு மூலம். கண்டம் முழுவதையும் ஒரே நாடாகப் பாவிக்கவும், பசியையும் அந்திவானத்தையும் தவறாமல் சேர்க்கவும், விலங்குகளுக்கு மனிதர்களைவிட முழுமையான குணச்சித்திரம் தரவும் அது மேற்கத்திய எழுத்தாளர்களுக்கு 'அறிவுரை' கூறுகிறது. காலியரைப் போலவே இவரும் விவரிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதினார்.

வடிவம் செயல்படும் விதம்

குற்றச்சாட்டை எதிராளி மறுக்கலாம். 'நான் அப்படிச் செய்யவில்லை' என்று சொல்லலாம். அறிவுரையை அப்படி மறுக்க வழியில்லை. படிப்பவர் தம் வழக்கத்தையே பாடமாகக் காணும்போது தம்மைத் தாமே அடையாளம் கண்டுகொள்கிறார். இதற்கு இரண்டு தேவைகள் உண்டு. முதலாவது, எழுதுபவர் எந்த இடத்திலும் தாம் சிரிப்பதைக் காட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு படியும் உண்மையான நடைமுறையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். மிகைப்படுத்தல் மட்டும் இருந்தால் அது வெறும் கேலியாக நின்றுவிடும்.

இவ்வகை நூல்களை மதிப்பிடும்போது, பாடம் யாருக்குச் சொல்லப்படுகிறது, வலி யாருடையது என்ற இரண்டு கேள்விகளும் முதன்மையானவை. ஸ்விஃப்டின் நூலில் எட்டு ஆண்டு இடைவெளியில் இவ்விரண்டையும் இடம் மாற்றிவைத்ததே ஜேன் காலியரின் சாதனை.