நெஞ்சு அந்தரமாக் கிடக்குது: மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படித்த காலம்

போன வருசம் அம்மம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாட்டில் ஒரு மருத்துவ மாணவன் வந்து, "என்ன செய்யுது அம்மா?" என்று கேட்டான்.

"நெஞ்சு அந்தரமாக் கிடக்குது தம்பி."

"நெஞ்சு நோகுதோ?"

"நோ இல்லை."

"மூச்செடுக்கக் கஷ்டமோ?"

"அப்பிடியும் இல்லை. அந்தரமாக் கிடக்குது."

யாழ்ப்பாணத்துப் பெடியன்தான். அந்தரம் என்ற சொல் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அதை எந்த ஆங்கிலச் சொல்லுக்குள் போட்டு எழுதுவது? படபடப்பா, மூச்சுமுட்டா, பயமா? பேனையைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றான். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறி, பிறகு வாட்டில் திரும்பவும் தமிழில் கதைக்க வேண்டிய பிள்ளை அவன். இந்தச் சிக்கல் ஏதோ இப்பத்தான் வந்தது என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. 150 வருசத்துக்கு முந்தியே மானிப்பாயில் ஒருவர் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் 1822 இல் பிறந்தவர். 1847 இல் அமெரிக்க மிசனின் டொக்டராக யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்பே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்திருந்தார். கிறீன் மானிப்பாயில் நிலைகொண்டு, அடுத்த வருசமே ஒருசில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான். வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலம் படித்த பெடியள் இருந்தபடியால் அது கஷ்டமாக இருக்கவில்லை.

சிக்கல் படித்து முடித்த பிறகு வந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் தெரிந்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். உத்தியோகம் கிடைத்தால் ஊரை விட்டுப் போய்விடுவான். கிறீனுக்குத் தேவைப்பட்டது ஊரிலேயே இருந்து, ஊர்ச்சனத்தைப் பார்க்கும் வைத்தியன். செமினறிக்கும் இதே குற்றச்சாட்டு இருந்தது: ஆங்கிலம் படித்தவன் மிசனுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை, கச்சேரிக்குத்தான். அந்தச் செமினறியை 1855 இல் மூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. கிறீன் தமிழை விரும்பினார் என்று மட்டும் எழுதி மாலை போடுவது சுகம். அவர் மதம் பரப்ப வந்தவர். தமிழில் வைத்தியம் செய்தால் தமிழர் மனதுக்குள் வேதத்தைக் கொண்டுபோகலாம் என்பதும் அவருடைய கணக்கில் இருந்தது. அதே ஆள், கிறிஸ்தவராகும் தமிழர்கள் உடுப்பிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்றும் சொன்னவர். அவருடைய மாணவர்களின் பெயர்களைப் பார்த்தால் சாப்மன், டன்போர்த் என்று இருக்கும். மதம் மாறியவர்களுக்கு அமெரிக்கப் பெயர் வைக்கும் வழக்கம் மிசனில் இருந்தது. தமிழ்ப் புத்தகம், வெள்ளைக்காரப் பெயர். அந்தக் காலம் அப்படித்தான் குழம்பிக் கிடந்தது.

1850களின் கடைசியில் அமெரிக்கா போன கிறீன், 1862 இல் மானிப்பாய்க்குத் திரும்பி வந்து, 1864 இலிருந்து முழுக்கத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொல் வேண்டும். இங்கேதான் கதை சூடாகிறது.

முதல் தடவை வந்திருந்த காலத்திலேயே, கட்டர் என்பவர் எழுதிய உடல்நூலைத் தமிழாக்கி 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று பெயர் வைத்திருந்தார். வாசிக்கவே மூச்சு வாங்குதா? எனக்கும்தான். பிரித்துப் பார்த்தால் விசயம் எளிது. அங்காதிபாதம் என்றால் உடலமைப்பு, சுகரணவாதம் என்றால் உடலியங்கும் முறை, உற்பாலனம் என்றால் சுகாதாரம். அதே 50களில் பிரசவம் பற்றிய நூல் ஒன்றும் வந்தது. 1867 இல் சத்திரசிகிச்சை பற்றி 'இரண வைத்தியம்', 1872 இல் புகழ்பெற்ற கிறே எழுதிய உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில், அதே வருசம் 'வைத்தியாகரம்', 1875 இல் இரசாயனம் பற்றி 'கெமிஸ்தம்'. இந்தக் கெமிஸ்தம் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆங்கிலத்தைப் பிடித்துத் தமிழ் வால் ஒட்டி விட்டிருக்கிறார்கள்.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு இதுதான்: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு, அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. அவர் தனியே இருந்து இதைச் செய்யவில்லை. சாப்மன், டன்போர்த் போன்ற மாணவர்களே மொழிபெயர்ப்பிலும் கூட நின்றார்கள். பரியாரிமாரின் வைத்தியத்துக்குப் பதிலாக மேற்கத்திய வைத்தியத்தைக் கொண்டுவரத்தான் கிறீன் வந்தார். ஆனால் நாடி, இரணம், வைத்தியம் எல்லாம் பரியாரிமாரின் வாயிலிருந்த சொற்கள். அவற்றை விட்டுவிட்டு அவரால் ஒரு பக்கமும் எழுதியிருக்க முடியாது.

1873 இல் கிறீன் ஊர் திரும்பினார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அவரிடம் படித்து வைத்தியர்களாகியிருந்தார்கள். வூஸ்டரில் இருந்துகொண்டும் தமிழ்ப் புத்தக வேலையை அவர் விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883 இல் வந்தது. 1884 இல் இறந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று அவருடைய கல்லறையில் எழுதியிருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? கொழும்பில் 1870 இலேயே ஆங்கிலத்தில் படிப்பிக்கும் மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. அரசாங்கம் அங்கீகரிக்கும் படிப்பு அதுதான் என்றானபின், தமிழில் படித்தவனுக்கு என்ன மதிப்பு? கிறீன் பயந்தது வேறு வழியால் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் மருத்துவ பீடம் வந்தபோதும் படிப்பு ஆங்கிலத்தில்தான். அதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. உலகத்து ஆராய்ச்சிகளை வாசிக்க ஆங்கிலம் வேண்டும். ஆனால் நோயாளியோடு கதைக்கிற பாதி யாருடைய பொறுப்பு?

நாடி என்ற சொல்லை எடுங்கோ. எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாடி என்றால் இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய். இதையே தமிழ்நாட்டில் தமனி என்பார்கள். நாங்கள் நாளம் என்பது அங்கே சிரை. பரியாரியாரிடம் நாடி என்றால் கை பிடித்துப் பார்க்கும் துடிப்பு. அம்மம்மாவிடம் நாடி என்றால் வாய்க்குக் கீழே இருக்கிற நாடி. "நாடியில அடைப்பு இருக்கு அம்மா" என்று ஒரு டொக்டர் சொன்னால், அவ கை வைத்துப் பார்க்கப்போவது முகத்தில்.

அடுத்தது கட்டி. சிதழ் பிடித்த கட்டியும் கட்டி, புற்றுநோய்க் கட்டியும் கட்டி. "ஒரு சின்னக் கட்டிதான், வெட்டி எடுக்கவேணும்" என்று கேட்டுவிட்டு, கலியாணவீடு முடியட்டும் என்று ஆறு மாதம் கழித்து வந்தவர்களைப் பற்றி ஒரு தாதி அக்கா எனக்குச் சொன்னா. சனத்துக்கு விளங்கவில்லை என்று சொல்லுவது சுலபம். அவர்களுக்குக் கிடைத்த சொல்லை அவர்கள் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார்கள். "ரிசல்ட் நெகற்றிவ்" என்று கேட்டுவிட்டு அழுத ஆளையும் எனக்குத் தெரியும். நெகற்றிவ் என்றால் கூடாதது என்றுதானே நாங்கள் எல்லா இடத்திலும் பாவிக்கிறோம்.

இதில் ஊருக்கு ஊர் வேறு மாதிரியும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சத்தி என்றால் வாந்தி, தடிமன் என்றால் சளி பிடிப்பது, செங்கமாரி என்றால் மஞ்சட்காமாலை, நெருப்புக்காய்ச்சல் என்றால் டைபொயிட், நாரி என்றால் இடுப்பின் பின்பக்கம். கூகைக்கட்டு என்று சொன்னால் மலையகத்துப் பெடியன் ஒருவன் முழிப்பான். அவன் ஊரில் ஒருவர் "மேலுக்கு முடியல" என்று சொன்னால் நாங்கள் எதற்கு மேலே என்று யோசிப்போம். தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலோ தமிழே தெரியாத டொக்டருக்கு முன்னால் அந்த மனுசர் இருக்கவேண்டி வருவதும் உண்டு.

என்ர மச்சாள் ஒருத்தி இப்ப மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருசம். இரண்டு பேருமாக ஒரு கொப்பியில் இந்தச் சொற்களை எழுதத் தொடங்கியிருக்கிறோம். இடப்பக்கம் நோயாளி சொன்ன சொல், வலப்பக்கம் அவர் எந்த இடத்தைக் காட்டினார், எப்படிச் சொன்னார் என்ற விளக்கம். ஆங்கிலச் சொல்லைப் பென்சிலால்தான் எழுதுவது என்று முடிவு, ஏனென்றால் பாதியை அழிக்கவேண்டி வருகுது. அந்தரத்துக்கு நேரே மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தாயிற்று. நோவுக்கும் உளைவுக்கும் என்ன வித்தியாசம் என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை. கால் உளையுது என்றால் நடந்து களைத்த நோ என்கிறாள் அவள். சும்மா இருந்தாலும் உளையும் என்கிறா அம்மம்மா.